பள்ளம் தோண்டிய பெருமகன்

கோதுமை விளைந்தது, கொள்வாரில்லை. களஞ்சியம் நிரம்பிற்று; கையிலே காசில்லை.

உழைத்தான் உழவன், உடல் தேய உழைத்தான். காட்டை அழித்துக் கழனியாக்கினான். மண் அவனை வஞ்சிக்கவில்லை; மழையும் ஏமாற்றவில்லை. வஞ்சித்தது வழி! விளைந்த பொருளை விற்கும் இடத்திற்குக் கொண்டு சேர்க்க வழியில்லை. வழியில்லாத ஊரிலே வளம் இருந்தென்ன, இல்லாமற் போனாலென்ன?

அமெரிக்க நாட்டிலே, நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலே, 1800-ஐ அடுத்த ஆண்டுகளில் இருந்த நிலை இது. கிழக்கே கடலும் துறைமுகமும் நியூயார்க் நகரமும். மேற்கே, கடலோ என்று மயங்கத்தக்க ஈரி ஏரி. அதன் கரையிலே பஃபலோ என்றோர் சிற்றூர். இடையிலே அடர்ந்த காடு, ஆளை விழுங்கும் சேறு, பாறை. ஒரு டன் சரக்கைப் பஃபலோவிலிருந்து நியூயார்க் நகருக்குக் கொண்டுவர ஏறக்குறைய 100 டாலர் செலவு. பயணமோ மூன்று வாரம். கோதுமையின் விலையைக் காட்டிலும் வண்டிக் கூலி அதிகம்! எனவே தானியத்தைச் சாராயமாகக் காய்ச்சினர் உழவர். குடித்துக் கூத்தாட அல்ல. மூட்டைகளைவிடப் பீப்பாய்க்குச் சுமை குறைவு, விலை அதிகம் என்பதால். உண்ண வேண்டிய தானியம், ஊர் போய்ச் சேர வழியில்லாததால் போதைப் பொருளாயிற்று.

அந்த நிலையை மாற்றியவர் டிவிட் கிளிண்டன். அவர் வரலாற்றைத்தான் இன்று சொல்ல வந்தேன், தோழர்களே! பாட்டாளி தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது. அவர் பாட்டாளியாகப் பிறந்தவர் என்பதனாலா? அல்ல, அல்ல. செல்வாக்குள்ள குடும்பத்திலே 1769-ஆம் ஆண்டு பிறந்தவர். சிற்றப்பா ஜார்ஜ் கிளிண்டன், நியூயார்க் மாநிலத்தின் முதல் கவர்னர். பின்னாளில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர். கொலம்பியா கல்லூரியிலே படித்து 1786-இல் பட்டம் பெற்ற டிவிட், சிற்றப்பாவுக்குச் செயலாளரானார். அரசியலின் அரிச்சுவடியை அரண்மனை வாயிலிலேயே கற்றுக்கொண்டார். செனட் சபை உறுப்பினர் பதவி 1802-இல். அடுத்த ஆண்டு நியூயார்க் நகர மேயர். 1815 வரை, இடையிடையே விட்டு விட்டு, அந்தப் பதவி அவரிடம் இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி தரும் சங்கம் 1805-இல் தோன்றியபோது அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர். நெடிய உருவம், நிமிர்ந்த நடை, யாருக்கும் வளையாத போக்கு. அந்தப் போக்கே அவருக்குப் பகைவரையும் தேடித் தந்தது, பட்டாளம் பட்டாளமாக!

பிறப்பால் பெற்ற பெருமை இவ்வளவே. இவை மட்டும் இருந்திருந்தால், ஆண்டார்கள், மாண்டார்கள் என்ற பட்டியலிலே அவர் பெயரும் ஒன்றாகப் போயிருக்கும். ஈரி ஏரியிலிருந்து ஹட்சன் ஆறு வரை ஒரு கால்வாய் வெட்ட வேண்டும் என்ற எண்ணமே அவரைத் தனித்துக் காட்டிற்று.

அந்த எண்ணம் மாளிகையிலே முளைத்ததுமல்ல. அதற்கு முழு உருவம் தந்தவர்களிலே ஒருவர் ஜெசி ஹாலி என்ற மாவு வணிகர். மேற்குப் பகுதியிலிருந்து மாவு அனுப்பி அனுப்பி, வண்டிக் கூலி கொடுத்துக் கொடுத்து, நொடித்துப் போனார். கடனாளியைச் சிறையில் தள்ளும் காலம் அது. கம்பிக்குப் பின்னே உட்கார்ந்துகொண்டு, 1807-லும் 1808-லும், ஹெர்குலிஸ் என்ற புனைபெயரிலே பதினான்கு கட்டுரைகள் எழுதினார். எங்கே தொடங்கலாம், எவ்வழி செல்லலாம், என்ன செலவாகும், என்ன பயன் விளையும், எல்லாம் எழுதினார். எழுத்து வெளியே வந்தது, எழுதியவர் உள்ளே இருந்தார்! பாதை இல்லாக் கொடுமையால் பாழானவன், பாதைக்குப் படம் வரைந்து கொடுத்தான்.

அந்தப் படத்திலே ஓர் உண்மை இருந்தது. கிழக்கையும் மேற்கையும் பிரித்து நின்றது அப்பலாச்சிய மலைத்தொடர். தெற்கே எங்கு பார்த்தாலும் மலை மறித்து நிற்கிறது. நியூயார்க் மாநிலத்திலே மட்டும் மோஹாக் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒரு வாயில் திறந்துவிட்டிருக்கிறது. இயற்கை கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நுழைய மனிதனுக்கு மனம் வேண்டும்.

மனம் இருந்ததா? குடியரசுத் தலைவர் ஜெபர்சனிடம் 1809-இன் தொடக்கத்திலே இந்தத் திட்டத்தைக் கொண்டு சென்றனர். கல்விக்கடல் அவர், கருத்துச் செல்வர். ஆயினும், நூறாண்டு கழித்து எண்ண வேண்டியதை இன்று எண்ணுவது ஏறக்குறையப் பித்து என்ற கருத்தைத் தெரிவித்து அனுப்பிவிட்டார். மறு ஆண்டு, 1810-இல், மாநில அரசு கால்வாய்க்கென ஓர் ஆணைக்குழு அமைத்தது. அதிலே உறுப்பினரானார் கிளிண்டன். ஏட்டிலே பார்த்து எழுதிவிடவில்லை அறிக்கையை. படகிலும் வண்டியிலும் சென்று, கொசுக்கடி பட்டு, வழிச்சத்திரங்களிலே தங்கி, ஈரி ஏரி வரை நேரிலே கண்டார். சென்றபோது ஐயம் இருந்திருக்கலாம். திரும்பியபோது உறுதி இருந்தது.

பிறகு வந்தது 1812. பிரிட்டனோடு போர். அதே ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தல். மாடிசனை எதிர்த்து நின்றார் கிளிண்டன்; தோற்றார். 1815-இல் மேயர் பதவியும் பறிக்கப்பட்டது. பதவியும் இல்லை, கட்சியிலே பலமும் இல்லை. முடிந்தது கிளிண்டன் கதை என்று மகிழ்ந்தனர் மாற்றார்.

முடியவில்லை, தொடங்கியது! பதவி போன அந்த ஆண்டின் இறுதியிலேதான் நியூயார்க் நகரில் கூட்டம் கூட்டினார், கால்வாய் வேண்டுமென்று. விண்ணப்பம் ஒன்றைத் தீட்டினார். சிற்றூர்தோறும் சென்றது அந்த விண்ணப்பம். உழவன் கையெழுத்திட்டான், கடைக்காரன் கையெழுத்திட்டான், கொல்லன் கையெழுத்திட்டான். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்தனர். மன்றத்திலே இடமிழந்தவர், மக்களிடையே இடம் பிடித்தார்.

இனி மத்திய அரசிடம் பணம் கேட்க வேண்டும். சாலைகளுக்கும் கால்வாய்களுக்கும் பணம் ஒதுக்கும் மசோதா ஒன்று காங்கிரசு சபையில் நிறைவேறிற்று. நியூயார்க்குக்கும் பங்கு கிடைக்கும் என்று காத்திருந்தனர். பதவியை விட்டு இறங்குவதற்கு முந்திய நாள், 1817 மார்ச்சு 3-ஆம் நாள், குடியரசுத் தலைவர் மாடிசன் அந்த மசோதாவைத் தள்ளுபடி செய்தார். இப்படிச் செலவிட அரசியல் சட்டத்திலே அதிகாரம் இல்லை என்பது அவர் காட்டிய காரணம். சட்டம் காரணமாயிருக்கலாம், கோதுமை அழுகுவது நிற்கவில்லையே!

கைவிரித்தது மத்திய அரசு. கைகட்டி நின்றதா மாநிலம்? இல்லை! மார்ச்சில் மறுப்பு, ஏப்ரல் 15-ஆம் நாள் நியூயார்க் சட்டமன்றத்தில் சட்டம்! தன் பணத்திலே, தன் பொறுப்பிலே, கால்வாயை வெட்டுவதென்று மாநிலமே முடிவெடுத்தது. மதிப்பிட்ட செலவு ஐம்பது இலட்சம் டாலர் அளவில். அந்நாளிலே ஒரு மாநிலம் நினைத்தும் பார்க்க அஞ்சிய தொகை. வியப்பு என்னவென்றால், கால்வாயால் பிற்காலத்திலே கொழிக்கப் போகும் நியூயார்க் நகரத்தின் பிரதிநிதிகளே எதிர்த்து வாக்களித்தனர். மேற்கே பள்ளம் தோண்ட நாங்கள் ஏன் வரி கொடுப்பது என்பது அவர்கள் வழக்கு.

பணம் வந்த வழியைப் பாருங்கள். உப்பு உற்பத்தி மீது வரி. ஏல விற்பனை மீது வரி. அவற்றை ஈடாகக் காட்டிக் கடன் பத்திரங்கள். தொடக்கத்திலே பெருமுதலாளிகள் ஒதுங்கி நின்றனர். பத்திரங்களை வாங்க முன்வந்தவர்களிலே சிறு சேமிப்பாளர் பலர். கைத்தொழிலாளரும் வேலைக்காரரும் சிறுகச் சிறுகப் போட்டு வைத்த சேமிப்பு வங்கியின் பணம் கால்வாய்க்குள் பாய்ந்தது. வெற்றி உறுதி என்று தெரிந்த பிறகே வந்தனர் இலண்டன் செல்வர்கள். முதலில் நம்பியவன் ஏழை. முடிவிலே நம்பியவன் பணக்காரன்.

அந்த ஆண்டே கிளிண்டன் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவியேற்றது ஜூலை 1. ரோம் என்ற ஊரிலே முதல் மண்வெட்டி மண்ணில் பாய்ந்தது ஜூலை 4. அமெரிக்காவிலும் ஒரு ரோம் உண்டு! அதை ஏன் தேர்ந்தெடுத்தனர்? வழியின் நடுப்பகுதி அது. நிலம் சமம், பாறை குறைவு. வேலை விரைவாக நடக்கும். பயனை மக்கள் கண்ணால் காண்பர். கண்டால் நம்புவர்; நம்பினால் மீதியை முடிக்கப் பணம் தருவர்.

நீளம் 363 மைல். மேல்மட்ட அகலம் 40 அடி. ஆழம் 4 அடி. ஹட்சன் ஆற்றுக்கும் ஈரி ஏரிக்கும் உயர வேறுபாடு 560 அடிக்கு மேல். படகு எப்படி மலையேறும்? இரு புறமும் கதவு வைத்த தொட்டி கட்டுவர். லாக் என்று பெயர். படகு உள்ளே நுழையும். கதவை அடைத்துத் தண்ணீரை விடுவர். தண்ணீர் உயர உயரப் படகும் உயரும். மறு கதவு திறக்கும். மேல்மட்டத்திலே மிதந்து செல்லும். இப்படி 83 லாக்குகள்!

கட்டியவர்கள் யார்? கால்வாய் கட்டிப் பழகிய பொறியியல் மேதைகளா? அப்படிப்பட்டவர்கள் அன்று அந்த நாட்டிலே கிடைக்கவில்லை. தலைமை ஏற்ற பெஞ்சமின் ரைட்டும் ஜேம்ஸ் கெடசும் நிலம் அளக்கத் தெரிந்தவர்கள், நீதிபதிகளாக இருந்தவர்கள். கான்வாஸ் ஒயிட் என்ற இளைஞர் 1817-இல் பிரிட்டன் சென்று, கால்வாய்க் கரைகளிலே ஏறக்குறைய 2,000 மைல் நடந்தே பார்த்துக் குறிப்பெடுத்து வந்தார். தண்ணீருக்குள்ளும் இறுகும் சுண்ணாம்பு செய்யத்தக்க கல், கால்வாய் வழியருகிலேயே கிடைப்பதையும் கண்டறிந்தார். லாக்போர்ட் என்ற இடத்தில் செங்குத்தாக எழுந்து நின்ற பாறைச் சரிவிலே, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து லாக்குகளை இரட்டை வரிசையாக அமைக்க வழி சொன்ன நாதன் ராபர்ட்ஸ், பள்ளி ஆசிரியராக இருந்தவர். வேலை செய்துகொண்டே வேலை கற்றனர்.

எழுத்திலே இவர்கள் பெயர் இருக்கிறது. பெயரில்லாதவர்கள் ஆயிரக்கணக்கானோர்! உள்ளூர் உழவர்கள், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டி, வெடிமருந்து, இவைதாம் கருவி. மான்டிசூமா சதுப்பு நிலத்திலே, முழங்கால் சேற்றிலே நின்று வெட்டினர். 1819-இல் காய்ச்சல் தாக்கிற்று, சுமார் 1,000 பேர் படுக்கையில் விழுந்தனர், பலர் எழவேயில்லை. பாறை உடைக்க வைத்த வெடி பலரின் உடலையும் உடைத்தது. கிளிண்டனின் கால்வாய் என்கிறது வரலாறு. கிளிண்டன் எண்ணினார், பாட்டாளி வெட்டினான். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. கால்வாய் சென்ற நிலம் ஆளில்லாப் பாழ்நிலமல்ல. இரோகுவாய்ப் பழங்குடியினர் வாழ்ந்த மண். அவர்களுடைய வரலாற்றைப் பற்றி 1811-இல் சொற்பொழிவு நிகழ்த்தியவர்தான் கிளிண்டன். ஆனால் கால்வாயும், அதைத் தொடர்ந்து வந்த குடியேற்றமும், எஞ்சிய நிலத்திலிருந்தும் அவர்களை ஒதுக்கித் தள்ளின. பாதை பலருக்கு வாழ்வு தந்தது. சிலருடைய வாழ்விடத்தைப் பறித்தது. கணக்கென்றால் இரண்டு பத்தியும் இருக்க வேண்டும்.

வேலை நடந்தது, கேலியும் நடந்தது. கிளிண்டன் பள்ளம் என்றனர்! கிளிண்டனின் பைத்தியக்காரத்தனம் என்றனர்! பணத்தைக் கொட்டிப் புதைக்கும் குழி என்றனர் பகைவர். 1819 அக்டோபரில் ரோமிலிருந்து யூட்டிகா வரை, 15 மைல் தூரம், முதற்படகு மிதந்தது. கவர்னரும் அதிலே சென்றார். கரையிலே நின்ற மக்கள் தண்ணீரைக் கண்டனர்; கேலி குறைந்தது. பகைமையோ குறையவில்லை. 1822-இல் அவர் கவர்னர் தேர்தலில் நிற்கவில்லை. 1824 ஏப்ரலில், கால்வாய் முடியும் தறுவாயில், அவரைக் கால்வாய் ஆணைக்குழுவிலிருந்தே நீக்கிற்று சட்டமன்றம்! பதினான்கு ஆண்டுகள் ஊதியம் பெறாமல் உழைத்தவரை, திறப்பு விழாவிலே அவர் முகம் தெரியக்கூடாதென்று துரத்தினர்.

மக்கள் பொறுத்தனரா? கொதித்தனர்! ஊருக்கு ஊர் கண்டனக் கூட்டம். அந்த ஆண்டு நவம்பரிலேயே தேர்தல். பெரும் வேறுபாட்டிலே மீண்டும் கவர்னரானார் கிளிண்டன். வெளியே தள்ளியவர்களே அவரை அரியணையில் ஏற்றினர். பகைவர் செய்த உதவியைப்போல் நண்பராலும் செய்ய இயலாது சில வேளைகளில்!

1825 அக்டோபர் 26. பஃபலோவிலிருந்து புறப்பட்டது படகு. புறப்பட்ட செய்தியை அறிவிக்கத் தந்தி ஏது அன்று? வழி நெடுகப் பீரங்கிகளை நிறுத்தினர். ஒன்றின் முழக்கம் கேட்டு மற்றொன்று முழங்க, ஒன்றரை மணி நேரத்துக்குள் நியூயார்க் நகருக்குச் செய்தி எட்டிற்று. நவம்பர் 4-ஆம் நாள், ஈரி ஏரியின் நீரைப் பீப்பாயிலிருந்து அட்லாண்டிக் கடலிலே ஊற்றினார் கிளிண்டன். எட்டாண்டு உழைப்பு, சுமார் 71 இலட்சம் டாலர் செலவு.

பலன் என்ன? ஒரு டன்னுக்கு 100 டாலர் என்றிருந்த கூலி ஏறத்தாழ 10 டாலராகச் சரிந்தது. மூன்று வாரப் பயணம் பத்து நாளுக்குள் அடங்கிற்று. 30 டன் சுமந்த படகைக் கரையிலே நடந்த ஒன்றிரண்டு குதிரைகள் இழுத்துச் சென்றன. தானியம் தானியமாகவே சந்தைக்கு வந்தது. மேற்கே போன படகுகள் கலப்பை கொண்டு சென்றன, துணி கொண்டு சென்றன, குடியேறும் குடும்பங்களைக் கொண்டு சென்றன. 1820-இல் சுமார் 1,500 பேர் வாழ்ந்த ராச்செஸ்டர், மாவு ஆலைகளின் நகராகி, 1850-இல் 36,000 பேரைத் தாண்டிற்று. 2,000 பேர் இருந்த பஃபலோ 42,000 ஆயிற்று. சிரக்யூஸ் உப்பால் செழித்தது. எதிர்த்து வாக்களித்த நியூயார்க் நகரம்? 1,24,000-க்குச் சற்றுக் குறைவாக இருந்த மக்கள் தொகை, முப்பதாண்டில் ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று; நாட்டின் முதல் துறைமுகமாயிற்று. கால்வாய்க்கென வாங்கிய கடன், சுங்க வருவாயாலேயே பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் தீர்ந்தது. 1882-இல் சுங்கத்தையே நீக்கினர். அதற்குள் வந்த சுங்கம் 12 கோடி டாலருக்கும் மேல்.

சுங்கப் பெட்டியிலே விழுந்தது சிறு பகுதி. பெரும் பகுதி விழுந்தது எங்கே? உழவன் மடியிலே, ஆலைத் தொழிலாளி கூலியிலே, ஏற்றுமதி வணிகன் பேரேட்டிலே. பாதையின் இலாபம் பாதையிலே தெரியாது. பாதை போய்ச் சேரும் ஊர்களிலே தெரியும். செலவு ஓராண்டு வரவு செலவுத் திட்டத்திலே அச்சாகி நிற்கும். வரவு முப்பதாண்டு வாழ்விலே கரைந்து பரவும். அதனால்தான் செலவைச் சுட்டுவது எளிது, வரவைச் சுட்டுவது அரிது.

அப்படியானால், பள்ளம் தோண்டினாலே பணம் கொட்டுமா? அதுவும் இல்லை. நியூயார்க்கைக் கண்டு நெஞ்சு துடித்தன மற்ற மாநிலங்கள். பென்சில்வேனியாவும் கால்வாய் வெட்டிற்று. அங்கே மோஹாக் பள்ளத்தாக்கு இல்லை, மலை மறித்தது. படகையும் சரக்கையும் இருப்புப்பாதை மேல் ஏற்றி மலையைத் தாண்டச் செய்தனர். செலவு ஏறிற்று, சரக்கு வரவில்லை. இண்டியானா, இல்லினாய் மாநிலங்களும் கடன் வாங்கிப் பெருந்திட்டங்களிலே இறங்கின. 1837-இல் பொருளாதார நெருக்கடி. 1841, 1842 ஆண்டுகளிலே இம்மூன்று மாநிலங்களும் வட்டி கட்ட வழியின்றி நின்றன. கிளிண்டனின் துணிவைப் பார்த்தனர். துணிவுக்கு முன்னே அவர் நடந்து பார்த்த தூரத்தைப் பார்க்கவில்லை. விதை நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. நிலம் பார்த்து விதைக்க வேண்டும்.

விதைத்த பின் காக்கவும் வேண்டும். நியூயார்க் அதைச் செய்தது. திறந்து பதினோராண்டு கடந்ததும் கடந்திராததுமாக, 1836-இல், கால்வாயை அகலமாக்கவும் ஆழமாக்கவும் தொடங்கிற்று. 1862 வரை நடந்தது அந்த வேலை. நாற்பதடி எழுபதடியாயிற்று, நாலடி ஆழம் ஏழடியாயிற்று. 1918-இல் மீண்டும் புதிதாக, பெரிதாகக் கட்டப்பட்டது. இரயிலும் லாரியும் வந்து சரக்கைப் பறித்துக்கொண்ட பின்னும் கால்வாய் இருக்கிறது. 2025-இல் அதற்கு வயது 200.

கிளிண்டன் அந்தக் கொழிப்பைப் பார்க்கவில்லை. 1828 பிப்ரவரி 11-ஆம் நாள், கவர்னராக இருக்கும்போதே, ஆல்பனி நகரத்து இல்லத்திலே திடீரென மாண்டார். வயது 58. விட்டுச் சென்றது கடன்! வீட்டுப் பொருள்களை ஏலம் போட்டனர் கடன்காரர். சொந்தமாகக் கல்லறை இல்லை. நண்பர் ஒருவரின் குடும்பக் கல்லறையிலே இடம் தந்தனர். பதினாறாண்டு அங்கே கிடந்த உடல், 1844-இல் புரூக்லின் இடுகாட்டுக்கு மாற்றப்பட்டது. கோடிகள் புரளும் பாதையை அமைத்தவர் தம் பைக்குள் அதைத் திருப்பிவிட்டுக்கொள்ளவில்லை.

தோழர்களே! பாலம் வேண்டும், சாலை வேண்டும், இரயில் வேண்டும் என்று பேச்சு எழும் போதெல்லாம், வீண் செலவு என்று ஒரு கூட்டம் கூவும். கொட்டு கோடியை, கேள்வி கேட்காதே என்று மற்றொரு கூட்டம் கொக்கரிக்கும். இரண்டுக்கும் மயங்கிவிடாதீர். கேளுங்கள்: வழியை நடந்து பார்த்தாயா? யார் விளைச்சல் இதன் மேல் போகும்? யார் நிலம் இதற்காகப் போகிறது, அவனுக்கு என்ன ஈடு? வெட்டுகிறவன் உயிருக்கு என்ன காப்பு? முப்பதாண்டு பழுது பார்க்கப் பணம் எங்கே? விடை நேர்மையாக வந்தால், தாங்குங்கள் அந்தத் திட்டத்தை. கேலி செய்வோர் செய்யட்டும்.

அடுத்த தேர்தலுக்குள் கனி கேட்பவன் மரம் நடமாட்டான். அடுத்த தலைமுறைக்கு நிழல் வேண்டுமென்பவனே நடுவான். நட்டவன் பெயரை நாடு மறக்கலாம்; நிழல் மறக்காது.